ஏஞ்சல் வாயில் நியான் வால்: செடித் தொட்டியில் யாரோடு யாரைச் சேர்த்தீர்கள்?

பெரம்பூர் செடித்தொட்டி:

செடி வளர்க்கிற மீன் தொட்டி என்னுடையது. இரண்டடி நீளம், ஓரடி அகலம், ஓரடி உயரம். மணலும் கட்டையும் போக ஐம்பது லிட்டருக்குக் கொஞ்சம் குறைவாகத் தண்ணீர் நிற்கும். வாலிஸ்னேரியாவும் கிரிப்டோவும் நட்டு, கட்டையில் ஜாவா ஃபெர்னைக் கட்டி, ஐந்து வாரம் மீனே விடாமல் ஃபில்டரை ஓடவிட்டேன். பக்கத்து வீட்டுத் தாத்தா தினமும் எட்டிப் பார்த்து, "கீரை போட்டிருக்கியா?" என்று கேட்டுவிட்டுப் போவார்.

அதுவரை பொறுமையாகத்தான் இருந்தேன். அப்புறம் ஒரு ஞாயிற்றுக்கிழமை கொளத்தூர் அலங்கார மீன் கடைகளுக்குப் போனேன். புத்தி தடுமாறியது அங்கேதான். பன்னிரண்டு நியான் டெட்ராவும், அஞ்சு ரூபாய்க் காசு அளவில் இரண்டு ஏஞ்சல் மீனும் வாங்கினேன். "ரெண்டும் சேர்ந்து இருக்குமாண்ணே?" என்று கேட்டேன். "இங்க ஒரே தொட்டியிலதானே தம்பி விட்டிருக்கேன்" என்றார் கடைக்காரர். பொய் இல்லை, அன்றைக்கு அப்படித்தான் இருந்தன.

ஐந்தாறு மாதம் ஒரு வம்பும் இல்லை. ஏஞ்சல் இரண்டும் உள்ளங்கை அகலம் ஆகிவிட்டன. பிறகு ஒரு நாள் எண்ணினால் நியான் பதினொன்று, அடுத்த வாரம் ஒன்பது. செத்த மீன் எங்குமே கிடக்கவில்லை. ஃபில்டரைக் கழற்றிப் பார்த்தேன், தொட்டிக்குப் பின்னால் டார்ச் அடித்துப் பார்த்தேன், கடைசியில் பழி மாடிப் பூனை மேல் விழுந்தது. ஒரு விடியற்காலை ஐந்தரை மணிக்கு லைட்டைப் போட்டபோது, பெரிய ஏஞ்சலின் வாயோரம் ஒரு சிவப்பு வால்பக்கம் துடித்துக்கொண்டிருந்தது. வாயை இரண்டு தடவை மூடித் திறந்தது. அவ்வளவுதான்.

ஏஞ்சல் மேல் கோபம் வரவில்லை. அது சிக்லிட் குடும்பத்து மீன். வாயில் நுழைகிற அளவுக்கு ஒல்லியாக ஒன்று, இருட்டில் அசையாமல் நின்றால் அது வேறென்ன செய்யும்? ஏஞ்சல்களைப் பெரிய தொட்டி வைத்திருக்கும் நண்பனிடம் கொடுத்துவிட்டேன். மிச்சம் ஆறு நியான். இனி யாரைச் சேர்ப்பது என்று யோசிக்கிறேன். உங்கள் வீட்டில் நடந்ததைச் சொல்லுங்கள்.

தண்டையார்பேட்டை மூணாவது மாடி:

ஏஞ்சல் விட்டுவைத்ததைச் சித்திரை தின்றுவிடும் தம்பி. எங்கள் வீடு மொட்டைமாடிக்கு நேர் கீழே. கத்திரி வெயிலில் மதியம் தொட்டித் தண்ணீர் 33 டிகிரி காட்டும். நியான் அமேசான் காட்டு ஓடைகளில் மர நிழலில் வாழ்கிற மீன், அதற்கு 20லிருந்து 26 டிகிரி வரைதான் சுகம். நான் இரண்டு வருஷம், இரண்டு தடவை வாங்கினேன். இரண்டு மே மாதமும் ஒவ்வொன்றாகக் கையில் எடுத்துப் போட்டேன்.

மூடியைத் திறந்து, தண்ணீர் மேல் படுகிற மாதிரி சின்ன ஃபேன் வைத்தால் இரண்டு மூன்று டிகிரி இறங்கும். ஆனால் தண்ணீர் ஆவியாகிக் குறைந்துகொண்டே வரும். குறைந்ததற்கு நான் போர் தண்ணீரையே ஊற்றினேன். ஆவியாவது தண்ணீர் மட்டும்தான், உப்பு உள்ளேயே தங்கும் என்று அப்போது உறைக்கவில்லை. எங்கள் போர் தண்ணீரின் டிடிஎஸ், அதாவது கரைந்திருக்கிற உப்பின் அளவு, 1100. மாதக் கடைசியில் தொட்டியில் அளந்தால் 1500. இப்போது குறைகிற தண்ணீருக்கு மட்டும் ஆர்ஓ தண்ணீர்.

பிறகு ஒரு முடிவுக்கு வந்தேன். மீனுக்காகத் தண்ணீரை மாற்றுவதைவிட, தண்ணீருக்கு ஏற்ற மீனை வாங்குவது. மோலி, பிளாட்டி, கப்பி மூன்றுக்கும் கடினத் தண்ணீர்தான் பிடிக்கும். மோலி கடல் தண்ணீரிலேகூடப் பழகிவிடும், என் போர் அதற்கு எம்மாத்திரம். கப்பி வாங்கினால் ஆண் மட்டும் வாங்குங்கள். "பெண்ணை மட்டும் வாங்கினால் குட்டி வராதே" என்று கெட்டிக்காரத்தனமாக ஆறு வாங்கினேன். அவை கடையிலேயே சினையாகி வந்திருந்தன. ஒரு தடவை சேர்ந்த விந்தை மாதக்கணக்கில் உள்ளே வைத்திருந்து குட்டி போட்டுக்கொண்டே இருக்கும். மூன்றாவது மாதம் எண்ணுவதை நிறுத்திவிட்டேன். எங்கள் மாடியில் பிள்ளைகள் இருக்கிற எல்லா வீட்டிலும் இப்போது ஒரு கப்பி பாட்டில் இருக்கிறது.

கொருக்குப்பேட்டை:

நான் செய்த தப்பு சின்னது. மூன்று டைகர் பார்ப், ஒரு ஃபைட்டர் மீன், ஒரே தொட்டியில். இரண்டே நாளில் ஃபைட்டரின் வால் தேய்ந்த துடைப்பம் ஆகிவிட்டது. டைகர் பார்பைக் கூட்டமாக, எட்டு பத்து விட்டால் தங்களுக்குள்ளேயே துரத்திக்கொண்டு ஓரளவு அடங்கும். அப்படியும் நீள வால், நீளத் துடுப்பு உள்ள எதையும் பக்கத்தில் விடக் கூடாது. ஏஞ்சலுக்கும் கப்பிக்கும் அதே கதிதான்.

வியாசர்பாடி ராத்திரி ஷிஃப்ட்:

சக்கர் மீனைப் பற்றி யாரும் இன்னும் சொல்லவில்லையே? "பாசியெல்லாம் நக்கிரும், தொட்டியே கழுவ வேணாம்" என்று என் தலையில் கட்டினார்கள். வாங்கும்போது இரண்டு அங்குலம், ஒன்றரை வருஷத்தில் பத்து அங்குலம். இன்னும் வளரும், ஓரடி தாண்டும். பாசியை அது மறந்தே போனது. அமேசான் சுவார்டின் இலைகளைச் சுரண்டிச் சுரண்டி நரம்பு மட்டும் மிச்சம் வைத்தது. நான் ஷிஃப்ட் முடிந்து விடியற்காலை வந்தால், ராத்திரி பிடுங்கிப்போட்ட செடிகள் மேலே மிதக்கும். அது போடுகிற கழிவு, நீளநீளக் கயிறு மாதிரி, அது தனிக் கதை.

"ரெட்டேரியில் விட்டுடுப்பா" என்று மச்சான் சொன்னார். தயவுசெய்து யாரும் அதைச் செய்யாதீர்கள். தென் அமெரிக்க மீன் அது. இப்படி விட்டவைதான் நம் ஊர் ஏரி குளங்களில் பெருகிப்போய், வலையை அறுத்து, மீன் பிடிப்பவர்கள் வயிற்றில் அடிக்கின்றன. ஒரு கடையில் சும்மா திருப்பிக் கொடுத்துவிட்டு வந்தேன்.

பெரம்பூர் செடித்தொட்டி:

அப்போ பாசிக்கு என்னதாண்ணே செய்வது?

வியாசர்பாடி ராத்திரி ஷிஃப்ட்:

லைட்டை ஆறு மணி நேரமாகக் குறை, தீனியைப் பாதியாக்கு. முக்கால்வாசி போய்விடும். மீதியை மோலி கொறிக்கும்.

மணலி புதுநகர்:

2023 டிசம்பர், மிக்ஜாம் புயல். எங்கள் தெருவில் மூன்று ராத்திரி கரண்ட் இல்லை. வீட்டுக்குள் கணுக்கால் தண்ணீர், நான் கட்டில் மேல் நின்றுகொண்டு தொட்டியைக் காப்பாற்றிக்கொண்டிருந்தேன். வீட்டில் வாங்கிய திட்டை இங்கே எழுத முடியாது.

செடி நிறைய இருந்தால் ஆக்சிஜன் நிறைய என்று நினைத்திருந்தேன். வெளிச்சம் இருக்கிறவரைதான் அது. ராத்திரியில் செடியும் மீனோடு சேர்ந்து ஆக்சிஜனை இழுக்கும். முதல் ராத்திரி இரண்டு மணிக்கு ரம்மிநோஸ் டெட்ரா எல்லாம் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடின. குவளையால் மொண்டு, ஒரு முழ உயரத்திலிருந்து ஊற்றினேன், அரை மணிக்கு ஒரு தடவை. அப்படியும் காலையில் பத்தில் மூன்றுதான் மிச்சம். தேன் கௌராமி ஜோடி மட்டும் ஒன்றுமே நடக்காத மாதிரி திரிந்தது. கௌராமிக்கும் ஃபைட்டருக்கும் மேல்காற்றை நேரடியாக மூச்சு வாங்கும் உறுப்பு ஒன்று தலைக்குள் உண்டு. கோரி கேட்ஃபிஷும் பிழைத்தது, அது மேலே வந்து காற்றை விழுங்கிக் குடலாலேயே சமாளிக்கும்.

அதிலிருந்து மீன் வாங்கும்போது கரண்டையும் கணக்கில் சேர்த்துக்கொள்கிறேன். பேட்டரியில் ஓடும் ஏர் பம்ப் ஒன்றும் வாங்கி வைத்தாயிற்று. இப்போது தொட்டியில் கௌராமி ஜோடி, எட்டு செர்ரி பார்ப், அடியில் ஆறு கோரி. செர்ரி பார்ப் இலங்கை மீன், நம் வெயில் அதற்குப் புதிதில்லை. சாது. செடிகளுக்கு நடுவே விட்டால்தான் ஆணின் சிவப்பு நன்றாக ஏறும், வெறும் தொட்டியில் வெளிறி நிற்கும். கோரி வாங்கினால் கூர்க்கல் போடாமல் மணல் போடுங்கள், முகத்தைப் புதைத்துத்தான் தின்னும், மீசை தேய்ந்துவிடும்.

பெரம்பூர் செடித்தொட்டி:

ஆறு நியானையும் குன்னூர் சித்தி வீட்டுக்கு அனுப்பப் போகிறேன், அங்கே வெயில் தொல்லை இல்லை. இந்த ஞாயிறு கொளத்தூர். சீட்டு எழுதிவிட்டேன்: செர்ரி பார்ப் எட்டு, தேன் கௌராமி ஒரு ஜோடி. கோரியை இரண்டு மாதம் கழித்துப் பார்க்கலாம்.

தண்டையார்பேட்டை மூணாவது மாடி:

சீட்டில் இருக்கிற காசை மட்டும் எடுத்துப் போ தம்பி. வரும்போது இந்தப் பக்கம் வந்தால் கப்பி இருக்கிறது, எவ்வளவு வேண்டுமானாலும்.