தற்காப்புக் கலையில் தேர்ச்சி வந்துவிட்டது என்று எப்போது உணர முடியும்?

கேள்வி – ஜூடோ மாணவன்

வணக்கம். ஓராண்டுக்கும் மேலாக ஜூடோ பயின்று வருகிறேன். வாரத்தில் இரண்டு வகுப்புகளுக்குத் தவறாமல் செல்கிறேன். உடன் பயில்பவர் அசையாமல் நின்றால், வீழ்த்தும் முறைகளில் பலவற்றை என்னால் ஓரளவு சரியாகவே செய்ய முடிகிறது. ஆனால் ரண்டோரி, அதாவது இருவரும் ஒருவரையொருவர் வீழ்த்த முயலும் மோதல் பயிற்சி, தொடங்கிவிட்டால் கற்றதெல்லாம் கைவிட்டுப் போய்விடுகிறது. என்னைவிட எடை குறைந்தவர்கள்கூட என்னை எளிதில் சாய்த்துவிடுகிறார்கள். இந்தக் கலை எனக்குக் கைவந்துவிட்டது என்ற உணர்வு ஏற்பட எத்தனை ஆண்டுகள் தேவைப்படும்? கறுப்புப் பட்டை பெறும்வரை காத்திருக்கத்தான் வேண்டுமா? பிற கலைகளில் பயின்றவர்களும் தங்கள் கருத்தைக் கூற வேண்டுகிறேன்.

மறுமொழி 1 – ஜூடோ பயிற்றுநர்

நண்பரே, தேர்ச்சி என்பது ஒரே நாளில் மொத்தமாக வந்து சேர்வதில்லை. முதலில் கைகூடுவது விழும் பயிற்சி. தாடையை மார்போடு சேர்த்து, கையைத் தரையில் அறைந்து, அச்சமின்றி விழப் பழகிவிட்டவர் ஏற்கெனவே ஒரு படியைக் கடந்துவிட்டார். பெரும்பாலோர் இதைத் தேர்ச்சியாகவே கருதுவதில்லை என்பது எனக்கு எப்போதும் வருத்தம் தருகிறது, ஏனென்றால் விழ அஞ்சுபவரின் உடல் இறுகிவிடும். இறுகிய உடலால் தாக்கவும் இயலாது.

ரண்டோரியில் நீங்கள் படும் பாட்டுக்குக் காரணம் பெரும்பாலும் நேரக்கணக்குதான். எதிராளியின் காலை வாரி வீழ்த்தும் ஒசோட்டோ கரி என்ற முறையை எடுத்துக்கொள்ளுங்கள். எதிராளியின் வலது சட்டைக்கையை இடக்கையால் இழுத்து, அவருடைய எடை முழுவதும் வலது குதிகாலில் இறங்கிய பிறகே அந்தக் காலை நம் வலது காலால் வாரிவிட வேண்டும். புதியவர்கள் காலை முதலில் வீசிவிட்டு, கையைப் பிறகு இழுக்கிறார்கள். அதற்குள் எதிராளி அந்தக் காலைப் பின்னே எடுத்துவிடுகிறார். அசையாமல் நிற்பவரிடம் இந்தப் பிழை வெளிப்படாது.

பட்டையைப் பொறுத்தவரை, ஜூடோவை உருவாக்கிய கானோ ஜிகோரோ 1882இல் கோடோகான் என்ற பயிற்சிப் பள்ளியை நிறுவிய பிறகு வகுத்த தரவரிசையில், கறுப்புப் பட்டையின் முதல் நிலைக்கு மேலும் பல நிலைகள் உள்ளன. அடிப்படைகளைக் கற்றுவிட்டார், இனி முறையாகப் பயிலலாம் என்பதற்கான அடையாளமே அது. ஒழுங்காகப் பயில்பவர்கள் பலர் மூன்று முதல் ஐந்து ஆண்டுகளில் அதை எட்டுகிறார்கள்.

மறுமொழி 2 – பிரேசிலிய ஜியு ஜிட்சு

எங்கள் கலையில் கறுப்புப் பட்டைக்குப் பத்தாண்டுகள் ஆவது இயல்பு. பன்னாட்டுக் கூட்டமைப்பின் விதிகளின்படி, வளர்ந்தவர்கள் பொதுவாக நீலப் பட்டையில் இரண்டு ஆண்டுகள், ஊதாவில் ஒன்றரை ஆண்டு, பழுப்பில் ஓராண்டு எனக் குறைந்தபட்சக் காலம் இருந்தாக வேண்டும். நடைமுறையில் பெரும்பாலோருக்கு அதைவிட மிகுதியாகவே ஆகிறது. ஆகவே பட்டையை நம்பித் தேர்ச்சியை அளந்தால் மனச்சோர்வுதான் மிஞ்சும்.

நீங்கள் கவனிக்க வேண்டிய ஒன்று உண்டு: உங்களோடு பயில்பவர்களும் உங்களோடு சேர்ந்தே முன்னேறுகிறார்கள். நேற்று உங்களைச் சாய்த்தவர் இன்றும் சாய்க்கிறார் என்பதால் நீங்கள் நின்ற இடத்திலேயே நிற்பதாகத் தோன்றும். அண்மையில் சேர்ந்த ஒருவரோடு, அவருக்குக் காயம் நேராத வகையில், மென்மையாகப் பயின்று பாருங்கள். அவர் எந்தப் பக்கம் நகரப்போகிறார் என்பது அவர் நகரும் முன்பே உங்கள் கைகளுக்குத் தெரிந்துவிடும். ஓராண்டில் பெற்றது என்ன என்பது அப்போது விளங்கும்.

மறுமொழி 3 – குத்துச்சண்டை

முதல் மறுமொழியை ஏற்கிறேன். ஆனால் ஆண்டுக்கணக்கில் பேசுவதில் எனக்கு உடன்பாடில்லை. வாரம் இரண்டு வகுப்புகள் செல்பவரின் ஓராண்டும், ஐந்து வகுப்புகள் செல்பவரின் ஓராண்டும் ஒன்றாக மாட்டா. வகுப்பில் எவ்வளவு நேரம் எதிர்ப்புக் காட்டும் ஒருவரோடு பயில்கிறோம் என்பது அதைவிட முக்கியம்.

குத்துச்சண்டையில் பட்டை கிடையாது. ஜாப், கிராஸ், ஹூக், அப்பர்கட் எனக் கற்க வேண்டிய குத்துகளும் சிலவே. அதனால் சில மாதங்களிலேயே ஓரளவு நம்பிக்கை வந்துவிடுகிறது. ஆயினும் ஸ்பாரிங்கில், அதாவது பயிற்சி மோதலில், மூச்சை அடக்கிக்கொள்ளும் பழக்கம் போவதற்கு நெடுங்காலம் பிடிக்கிறது. மூன்று நிமிடச் சுற்றின் முடிவிலும் தோள்கள் தளர்வாக இருந்தால், அதையே நான் தேர்ச்சியின் அறிகுறியாகக் கொள்வேன்.

ஜூடோ மாணவன்

மூவருக்கும் நன்றி. ரண்டோரியில் எல்லா முறைகளையும் முயல்வதா, அல்லது ஒன்றை மட்டும் தொடர்வதா?

ஜூடோ பயிற்றுநர்

சில மாதங்களுக்கு ஒன்றை மட்டும் முயலுங்கள். ஒசோட்டோ கரியே போதும். எதிராளி காலைப் பின்வாங்கித் தப்பினால், அந்த நகர்வைப் பயன்படுத்தும் இரண்டாவது முறை எது என்பதை உங்கள் பயிற்றுநரிடம் கேளுங்கள். அதைச் சேர்த்துக்கொண்ட பிறகு மூன்றாவதைப் பற்றி யோசிக்கலாம்.