சின்ன ரீஃப் தொட்டி (பவளம் வளர்க்கற உப்புத்தண்ணி மீன்தொட்டி): மீன் இருக்கு, கண்ணுலயே படமாட்டேங்குது. புதுசா எந்த மீனை உள்ள விடலாம்?

சாயங்காலத்தொட்டி: வணக்கம். சென்னை. 60×45×45 செ.மீ. தொட்டி, 10 மாசமா ஓடுது. உப்பு அடர்த்தி 1.025, சூடு 26 டிகிரி. மஷ்ரூம், ஹேமர் பவளம் எல்லாம் நல்லா விரியுது. கஷ்டம் மீன்லதான். ஃபயர்ஃபிஷ் ஒண்ணு, ராயல் கிராமா ஒண்ணு, ரெண்டு மாசம் முன்னால சேர்த்த சிக்ஸ்லைன் ராஸ் ஒண்ணு.

அம்மாவுக்கு முழங்கால் ஆபரேஷன் ஆகியிருக்கு. சாயங்காலம் தொட்டி முன்னால நாற்காலி போட்டு உட்கார்ந்துடுவாங்க. பாறை இடுக்குல ஃபயர்ஃபிஷ்ஷோட முதுகுத் துடுப்பு மட்டும் வெள்ளை நூல் மாதிரி ஆடும். தீனி போட்டா ஒரு வாய் கவ்விட்டு உள்ள போயிடும். அவங்க பார்க்கணும்னே கேக்கறேன். சின்னதா, தைரியமா, வெளியிலயே சுத்தற மீனா சொல்லுங்க. கடையில மாண்டரின் மீன் எடுக்கச் சொல்றாங்க.

ரீஃப்மாமா: மாண்டரின் வேண்டவே வேண்டாம் தம்பி. அது நாள் முழுக்கப் பாறையில ஊர்ற கோப்பிபாட் பூச்சியைக் கொத்தித் தின்னுட்டே இருக்கணும். உங்க தொட்டியில அது சீக்கிரம் தீர்ந்துடும், அப்புறம் மீன் மெலிஞ்சு மெலிஞ்சு செத்துப்போகும். அம்மா கண்ணு முன்னால அது நடக்கக்கூடாது.

ஒண்ணு கேக்கறேன். ராஸ் வர்றதுக்கு முன்னாடி ஃபயர்ஃபிஷ் வெளியில இருந்துச்சா? வால் ஓரம் கிழிஞ்சிருக்கா?

சாயங்காலத்தொட்டி: முன்னெல்லாம் பம்ப் தள்ளற தண்ணிக்கு எதிரா நின்னு மிதந்துட்டே இருக்கும் அண்ணா. வால் கொஞ்சம் பிய்ஞ்சிருக்கு, பாறையில உரசிடுச்சுன்னு நினைச்சேன்.

ரீஃப்மாமா: பாறை இல்ல, ராஸ்தான். சிக்ஸ்லைன் கைவிரல் நீளம்தான் இருக்கும். ஆனா சின்னத் தொட்டின்னா முழுசும் தன் இடம்னு எடுத்துக்கும். அது இருக்கற வரைக்கும் எந்த மீன் வாங்கினாலும் இடுக்குலதான் போய் ஒளியும். முதல்ல அதை வெளிய எடுங்க. வலை போட்டுத் துரத்தாதீங்க, பவளம்தான் உடையும். பொறி வையுங்க: தண்ணி பாட்டிலோட மேல்பாதியை வெட்டித் தலைகீழாச் சொருகி, உள்ள கொஞ்சம் மைசிஸ் இறால் போட்டுத் தரையில வையுங்க. அன்னைக்கு வேற தீனி போடாதீங்க.

உப்புக்காத்து: மாமா சொன்னதை முடிச்சுட்டு வாங்குங்க. உங்களுக்கு என் முதல் தேர்வு நியான் கோபி. 5 செ.மீ.தான், கறுப்பு உடம்புல நீலக்கோடு. ஃப்ளோரிடா, கரீபியன் பக்கத்து மீன். அங்க பெரிய மீனோட உடம்புல ஒட்டியிருக்கற ஒட்டுண்ணியைக் கொத்திப் பிழைக்கும். அதனாலயோ என்னவோ ஒளியற குணமே இல்ல. என் தொட்டியில முன் கண்ணாடியிலயே ஒட்டிட்டு இருக்கு, விரலை வச்சா நகராது.

அடுத்தது ஆஸெல்லாரிஸ் கோமாளி மீன் ஜோடி. எல்லாரும் வளர்க்கறதாச்சேன்னு ஒதுக்காதீங்க, ஆளைக் கண்டா கண்ணாடிக்கு ஓடி வர்ற மீன் இது. ஒண்ணு பெருசு, ஒண்ணு சிறுசா எடுங்க. பெருசு பொண்ணாயிடும், சண்டை குறையும். பண்ணையில பொரிச்ச குஞ்சாக் கேளுங்க. ராமேஸ்வரம் பக்கம் மண்டபம் ஊர்ல இருக்கற மத்திய கடல்மீன் ஆராய்ச்சி நிலையத்துலயே கோமாளியைப் பொரிக்க வச்சிருக்காங்க.

டெயில்ஸ்பாட் பிளென்னியும் பிடிக்கும். பொந்துல இருந்து தலையை மட்டும் நீட்டி, கண்ணை உருட்டி நம்மையே பார்க்கும். கண்ணாடியில பாசி மேய்ஞ்ச இடத்துல உதட்டுத் தடம் வரிசையா விழும். கொஞ்சம் பாசி இருக்கற பழைய தொட்டிதான் அதுக்குத் தோது, உங்களுது போதும்.

இந்த மூணும் வெளிய திரியறதைப் பார்த்தா ஃபயர்ஃபிஷ்ஷுக்கும் பயம் விடும். பாறையை மட்டும் குறைச்சுடாதீங்க. ஓட இடம் பக்கத்துல இருந்தாத்தான் சின்ன மீன் தைரியமா வெளிய நிக்கும். கோமாளியைக் கடைசியா விடுங்க.

ரீஃப்மாமா: எதை வாங்கினாலும் தனித் தொட்டியில நாலு வாரம் வச்சுப் பாருங்க, வெள்ளைப்புள்ளி நோய் உள்ள வந்துட்டா பவளம் இருக்கற தொட்டியில மருந்து ஊத்த முடியாது. மேல வலை மூடி இருக்கா? ஃபயர்ஃபிஷ் மிரண்டா எகிறிடும்.

சாயங்காலத்தொட்டி: மூடி போட்டாச்சு அண்ணா. ராஸ் மூணாம் நாள் பாட்டில்ல மாட்டிச்சு, பெரிய தொட்டி வச்சிருக்கற நண்பர் வாங்கிக்கிட்டார். நேத்து காலையில ஃபயர்ஃபிஷ் பம்ப் முன்னால நின்னுச்சு. அம்மா சமையலறையில இருந்த என்னைக் கூப்பிட்டாங்க, "டேய், செவப்பு வாலு வெளிய வந்திருக்கு, வந்து பாரு". நியான் கோபி ரெண்டு சொல்லி வச்சிருக்கேன், தனித் தொட்டியும் தயார். ரெண்டு பேருக்கும் ரொம்ப நன்றி.