தாமதமான புராஜெக்ட்டில் ஆள் சேர்த்தால் வேகம் கூடுமா?

கேள்வி: 5 பேர் கொண்ட மென்பொருள் டீம். டெலிவரிக்கு 6 வாரம். மிச்ச வேலையோ 40 ஆள்-வாரம் (ஒருவர் ஒரு வாரத்தில் செய்யும் வேலை 1 ஆள்-வாரம்). இருப்பவர்களால் 30தான் முடியும். புதிதாக 3 பேரைச் சேர்க்கலாமா?

கணக்குப்புலி: வேண்டாம். கோட் பிடிபட 3 வாரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்த 3 வாரமும் பழையவர்களில் 3 பேருக்குப் பாதி நேரம் சொல்லிக்கொடுப்பதிலேயே போகும்: 4.5 ஆள்-வாரம் காலி. அடுத்த 3 வாரத்தில் புதியவர்கள் தருவது 9. நிகரம் 4.5, துண்டு விழுவதோ 10! ஒருவருக்கொருவர் பேசவேண்டிய இணைப்புகள் வேறு 10-லிருந்து 28 ஆகும். ஐபிஎம்மில் ஓஎஸ்/360 என்ற ஆபரேட்டிங் சிஸ்டத்தின் உருவாக்கத்தை நடத்திய ஃப்ரெட் ப்ரூக்ஸ் 1975-லேயே சொன்னார்: தாமதமான மென்பொருள் வேலையில் ஆள் சேர்த்தால் இன்னும் தாமதமாகும்.

வெட்டுஒன்று: உங்கள் கணக்கிலேயே 4.5 லாபம்தானே வருகிறது, புலியாரே? ஆள் சேர்த்தால் தாமதம் என்பது மிகவும் எளிமைப்படுத்திய கூற்று என்று ப்ரூக்ஸே ஒத்துக்கொண்டார்; அதை மட்டும் யாரும் மேற்கோள் காட்டுவதில்லை. யாரைச் சேர்க்கிறோம் என்பதைப் பாருங்கள். இதே கோடில் முன்பு வேலை செய்த 2 பேர் 1 வாரத்தில் தயாராகிவிடுவார்கள். சொல்லிக்கொடுக்க 1 ஆள்-வாரம், மீதி 5 வாரத்தில் 10 வரவு. நிகரம் 9.

சுத்தியல்: ஆள்-வாரம் என்ன தண்ணீரா, எந்தக் குடத்தில் வேண்டுமானாலும் ஊற்ற? எழுதிய கோடைப் பொதுக் கோடில் சேர்க்க (மெர்ஜ்) ஒப்புதல் தருபவர் ஒருவர்தான் என்றால், 7 பேர் எழுதியதும் அவர் வாசலில்தான் குவியும். முதலில் புல் ரிக்வெஸ்ட்கள் (அப்படிச் சேர்க்கச் சொல்லி வரும் கோரிக்கைகள்) சராசரியாக எத்தனை நாள் காத்திருக்கின்றன என்று பாருங்கள். 2 நாளுக்கு மேல் என்றால் தேவை கோடைச் சரிபார்க்க இரண்டாவது ரிவ்யூவர். புது ஆள் இல்லை. டேட்டாபேஸ் ஸ்கீமா (தரவுகளின் கட்டமைப்பு) இறுதியாகாமல் கிடந்தாலும் இதே கதைதான்.

கணக்குப்புலி: பழகிய 2 பேர் என்றால் சரி. ஆனால் வழக்கமாக அவர்களிடம் டெஸ்டிங்கைத் தள்ளுவார்கள். அவர்கள் எடுக்கும் பிழைகளைத் திருத்துவது அதே 5 பேர்.

வெட்டுஒன்று: அந்தப் பிழைகள் எப்படியும் உள்ளே இருந்தவைதானே? 2-வது வாரத்தில் தெரிந்தால் திருத்த இடமுண்டு, 6-வது வாரத்தில் தெரிந்தால் தேதியே போச்சு. துண்டு விழும் 10-ல் 9 போக மீதமுள்ள 1 ஆள்-வாரத்துக்கு ஒரு ரிப்போர்ட் திரையை அடுத்த வெளியீட்டுக்குத் தள்ளுங்கள்.

சுத்தியல்: தள்ளுவதற்கு இந்த வாரமே வாடிக்கையாளரிடம் எழுத்தில் சம்மதம் வாங்கிவிடுங்கள்.