கே.பி. சுந்தராம்பாள்: ஒரே பாட்டில் மனம் மாறுமா?

சோமனூர்க்காரன்:
முப்பத்தெட்டு வயது வரை எனக்கு அந்தக் காலத்து நாடக, சினிமாப் பாடகி சுந்தராம்பாள் குரலே ஆகாது. மார்கழி விடியலில் பிள்ளையார் கோயில் கூம்பு ஸ்பீக்கரில் அந்தக் குரல் கிளம்பினால் போர்வையை இழுத்துக் காதை மூடிக்கொள்வேன். பாட்டாகவே தோன்றாது, அதட்டுவது போல இருக்கும்.

போன தைப்பூசத்துக்குப் பழனிக்கு நடந்தோம். இரண்டாம் நாள் இரவு, தாராபுரம் நெருங்கும்போது ஒரு தண்ணீர்ப் பந்தல். சுக்குக் காப்பி டம்ளரைக் கையில் வாங்கிய நேரம் 'பழம் நீயப்பா' ஆரம்பித்தது. 1965இல் வந்த 'திருவிளையாடல்' படத்தில் ஔவையாக நடித்து அவரே பாடியது. கோபித்துக்கொண்டு மலையேறிய பிள்ளையை வீட்டுப் பெரியவள் கூப்பிடுகிற குரல் அது. என் அமுச்சி, அம்மாவைப் பெற்றவள், காட்டுக்குள் இருப்பவனை வாசலில் நின்று அப்படித்தான் கூப்பிடுவாள். காப்பி ஆறும் வரை நின்று கேட்டேன். ஒரு பாட்டு போதும் என்பது என் கட்சி.

ஈரோட்டு அக்கா:
தம்பி, அது பாட்டு செய்த வேலை இல்லை. இரண்டு நாள் நடை, காலில் கொப்புளம், ராத்திரிக் குளிர், பழனி போகிற வழியில் பழனிப் பாட்டு. அந்த இடத்தில் யார் பாடியிருந்தாலும் கண் கலங்கியிருக்கும். அதோடு, மெட்டு கே.வி. மகாதேவனுடையது. அவருக்கு மயங்கிவிட்டு இந்த அம்மா கணக்கில் எழுதுகிறீர்கள். எனக்கு இவர் குரல் பிடிபடவே பத்து வருடம் ஆனது.

பவானிக்காரன்:
நான் வந்த வழி வேறுங்க. 1933இல் கணவர், நாடக நடிகர் கிட்டப்பா இறந்தபோது இந்த அம்மாவுக்கு 25 வயதுதான். அன்றிலிருந்து வெள்ளைச் சேலை, ஆண்களோடு ஜோடியாக நடிப்பதில்லை. இதைப் படித்த பிறகு 'பூம்புகார்' படத்தில் கவுந்தியடிகளாக 'வாழ்க்கை என்னும் ஓடம்' பாடுவதைக் கேட்டேன். தொண்டை அடைத்துக்கொண்டது.

ஈரோட்டு அக்கா:
அது இரக்கம். 1935இல் 'நந்தனார்' படத்தில் ஆண் வேடம் கட்டி நடிக்க ஒரு லட்சம் ரூபாய் வாங்கியவர் அவர். அந்தக் காலத்து ஒரு லட்சம்! அப்படிப்பட்டவரைப் பாவம் என்று ஆரம்பித்துக் கேட்பது எனக்குப் பிடிக்கவில்லை.

பவானிக்காரன்:
இரக்கத்தில் ஆரம்பித்தது உண்மைதானுங்க. ஆனால் இன்றைக்கும் கேட்கிறேனே, அதற்கு என்ன பெயர்?

சோமனூர்க்காரன்:
அக்கா சொன்னது உறுத்திக்கொண்டே இருந்தது. நேற்றுத் தறிக்குடோனில் வைத்துப் பார்த்தேன். பன்னிரண்டு தறி ஓடுகிறது, பக்கத்தில் நிற்பவனிடம் பேசக் காதோரம் கத்த வேண்டும். சின்ன ஸ்பீக்கரில் நாலைந்து பேர் பாட்டைப் போட்டேன். எல்லாம் சத்தத்துக்குள் முங்கிப்போய் ஏதோ முனகல் மாதிரிதான் வந்தது. அப்புறம் இவர் பாட்டு. தறியில் நூல் தார் மாற்றக் குனிந்திருந்தேன், ஒவ்வொரு எழுத்தும் காதில் விழுந்தது. மைக் இல்லாத நாடக மேடையில் கடைசி வரிசையில் மண்ணில் உட்கார்ந்திருப்பவனுக்கும் கேட்கப் பழகிய தொண்டை. இதில் கொப்புளமும் இல்லை, குளிரும் இல்லை. மெட்டு யாருடையதாக இருந்தாலும் தறிச் சத்தத்தைத் தாண்டியது அந்தக் குரல்தான்.

ஈரோட்டு அக்கா:
சரி, குரலை ஒப்புக்கொள்கிறேன். தறிக்குள் வைத்துக் கேட்க எனக்குத் தோன்றியதே இல்லை. ஆனால் ஒரு பாட்டு என்பதை மட்டும் ஒப்புக்கொள்ள மாட்டேன். அந்தப் பந்தலுக்கு முன்னால் இதே பாட்டை எத்தனை தடவை கேட்டிருப்பீர்கள்?

சோமனூர்க்காரன்:
கோயில் ஸ்பீக்கர் கணக்கைச் சேர்த்தால் நூறு இருக்கும்.

ஈரோட்டு அக்கா:
அந்த நூறும் சேர்ந்துதான் அன்றைக்கு வேலை செய்தது.

சோமனூர்க்காரன்:
நூறு தடவையும் காதை மூடியவன் நான், அக்கா. பந்தலில்தான் கையை எடுத்தேன். இப்போது வீட்டில் என் மகள் காதை மூடுகிறாள், பத்தாவது படிக்கிறாள். அவளுக்கு எதைப் போடுவது?

பவானிக்காரன்:
'ஔவையார்' படத்தை முழுதாக உட்கார்ந்து பார்க்கச் சொல்லுங்க.

ஈரோட்டு அக்கா:
ஒன்றும் போடாதீர்கள். ஈரோட்டில் கரூர் வண்டி ஏறிக் கொடுமுடிக்குக் கூட்டிப் போங்கள். அந்த அம்மா பிறந்த ஊர். சின்ன வயதில் ரயிலில் பாடித்தான் நாடகக்காரர்கள் கண்ணில் பட்டார் என்பார்கள். அதைச் சொல்லுங்கள், பாட்டை அவளே தேடட்டும்.

சோமனூர்க்காரன்:
கொடுமுடிக்குப் போகிறோம். ஆனால் வருகிற தைப்பூசத்துக்கு நடக்க அவளும் வருகிறேன் என்றிருக்கிறாள். அந்தப் பந்தல்காரரிடம் இப்போதே சொல்லிவைக்கப் போகிறேன்.