புதுப்பிப்பு: வீட்டுப் புரொஜெக்டரில் ஓரம் வளைகிற கோளாறு தீர்ந்தது

பதில் போட்ட எல்லாருக்கும் நன்றி. பழைய எல்சிடி பேனல், எல்இடி, ஒற்றை பூதக்கண்ணாடி வைத்துச் செய்த புரொஜெக்டரில் படத்தின் நாலு ஓரமும் உள்ளே குழிந்து, மூலைகள் வெளியே இழுபடுவதைக் கேட்டிருந்தேன்.

கைகொடுத்தது தென்காசி அண்ணாச்சி சொன்னதுதான்: மூன்று கண்ணாடி அடுக்கிய டிரிப்லெட் லென்ஸ். மாட்டியதும் பாளையங்கோட்டை வீட்டு மாடிச் சுவரில் சப்டைட்டில் வரி நூல் பிடித்த மாதிரி நின்றது. எஃப்எஃப்எம்பெக் என்கிற வீடியோ மென்பொருளில் உள்ள, வளைவு திருத்தும் ஃபில்டரான லென்ஸ்கரெக்‌ஷனில் படத்தை எதிர்ப்பக்கம் வளைக்கிற யோசனையும் பலித்தது. ஆனால் ஓரத்து எழுத்தின் மங்கல் அதில் போகாது.

எதிர்பாராதது ஒன்று. பிரெனல் தகட்டை (எல்இடி வெளிச்சத்தைக் குவிக்கிற, வரிவரியான தட்டை லென்ஸ்) நகர்த்தி, வெளிச்சம் லென்ஸுக்குள்ளேயே குவியும்படி வைத்ததும் மிச்ச வளைவும் குறைந்தது.

மேலே அகலம், கீழே குறுகல் என்பது வேறு சங்கதி. அதற்குப் பெட்டியைச் சாய்க்காதீர்கள்; பேனலும் சுவரும் இணையாக இருக்க, லென்ஸை மட்டும் மேலே ஏற்றினால் படமும் ஏறும்.