எக்கோ இல்லாமல் கேட்ட பாட்டு: கிளிநொச்சி நிகழ்ச்சிக்குப் போனவர்கள் எழுதுங்கள்

கிளிநொச்சியிலிருந்து:

தாங்களே எழுதி, தாங்களே மெட்டுப் போட்டுப் பாடுகிற பிள்ளைகளின் நிகழ்ச்சி போன மாதம் எங்கள் பக்கம் நடந்தது. சினிமாப் பாட்டு ஒன்றுகூட இல்லை. திருவிழாவுக்கு இசைக்குழு வந்தால் விடிய விடிய இருந்து கேட்கிற சனம் நாங்கள். சொந்தப் பாட்டுக்கு யார் வரப்போகிறார்கள் என்று பலர் கேட்டார்கள். வந்தார்கள். கதிரை போதாமல் பொடியன்கள் சைக்கிள் கரியரில் இருந்து கேட்டார்கள்.

முதலில் ஏறிய தம்பிக்கு இருபது வயது இருக்கும். இரணைமடுக் குளத்துப் பக்கமிருந்து வந்த ஈரக்காற்றில் கிற்றார் சுருதிக்கு நிற்கவில்லை, திருகித் திருகிச் சேர்த்தான். ஒரு வரி பாடியதும் நிறுத்தி, சவுண்ட் போடுகிறவரைப் பார்த்து, "அண்ணை, எக்கோவை எடுத்துவிடுங்கோ, சொல்லு விளங்காது" என்றான். அவர் திருவிழா மேடைக்குப் பழகியவர். எக்கோ இல்லாமலும் ஒரு பாட்டா என்பதுபோல் பார்த்துவிட்டு, குமிழை முழுதாகக் குறைத்துவிட்டார்.

அப்புறம்தான் பாட்டு எங்களிடம் வந்தது. அவன் மூச்சு எடுப்பது கேட்டது, கம்பியில் விரல் உரசுவதும் கேட்டது. தகப்பனும் மகனும் கதைக்காமல் விட்ட ஒரு காலத்தைப் பற்றிய பாட்டு. என்ன கோபம் என்று பாட்டில் இல்லை. ஒரே கேத்திலில் இருந்து இருவரும் தேத்தண்ணி ஊற்றிக் குடிக்கிறார்கள், கதை மட்டும் இல்லை. அவ்வளவுதான். முடிந்ததும் கைதட்டுவதா, விடுவதா என்று சனத்துக்குத் தெரியவில்லை. முன்வரிசையில் இருந்த ஐயா ஒருவர் "திரும்பப் பாடு தம்பி" என்றார். பாடினான்.

2009க்குப் பிறகு இங்கே மேடை ஏறுகிறவன் எல்லாருடைய துயரத்தையும் சேர்த்துச் சொல்ல வேண்டும் என்று எதிர்பார்க்கிறோம். தன் வீட்டுக் குசினிக்குள் நடந்ததை மட்டும் பாட அவனுக்கு இடம் கிடைத்ததும், அதைத் திரும்பக் கேட்க ஒரு ஐயா இருந்ததும் எனக்குப் பெரிய விசயம்.

முள்ளியவளையிலிருந்து:

நான் பெரியம்மாவையும் கூட்டிக்கொண்டு போனேன். கோவலன் கூத்துப் பார்த்து வளர்ந்தவ. இரண்டாவதாகப் பாடிய தங்கச்சி தன் கதையைத் தன் பெயரிலேயே பாடத் தொடங்க, பெரியம்மா நிமிர்ந்து இருந்தா. கூத்தில் அழுகிறவள் கண்ணகி. எங்கள் அழுகையையும் அவளோடு சேர்த்து அழுதுதான் பழக்கம். பஸ்ஸுக்கு நிற்கும்போது அவ சொன்னா: "உது ஒப்பாரிதானடா. அதிலையும் ஒவ்வொருத்தியும் தன்ரை சொல்லைத் தானேதான் கட்டுவாள்." யோசித்துப் பார்த்தால் சரிதான். செத்தவீட்டில் யாரும் எழுதிக் கொடுப்பதில்லை. இராகம் ஊருக்குப் பொது, வரி அவளுடையது.

மாங்குளத்திலிருந்து:

கடைசியாக வந்த ராக் குழுவை ஒருவரும் எழுதவில்லையே. ட்றம்ஸ் சத்தத்தில் சொல் அமுங்கியது உண்மை. ஆனால் ட்றம்ஸ் ஓய்ந்து கிற்றார் தனியாக நின்ற இடத்தில் என் தம்பி என் கையைப் பிடித்துவிட்டான். இப்போது அவனும் எழுதுகிறான்.

அவனுக்கு ஜஸ்டின் வேர்னனைப் பற்றிச் சொன்னேன். அமெரிக்காவில் விஸ்கொன்சின் காட்டில், தகப்பனின் வேட்டைக் குடிலில் ஒரு குளிர்காலம் தனியே இருந்து பாட்டுகளைப் பதிந்தவர். எந்த இசைக் கம்பனிக்கும் காத்திராமல் 2007இல் தானே வெளியிட்டார். போன் இவேர் (Bon Iver) என்ற பெயரில் உலகம் அவரை அறிந்தது அதற்குப் பிறகுதான். தம்பிக்கும் கொட்டில் இருக்கிறது, யானைக் காவலுக்கு வயலில் போட்டது. அங்கே இருந்து இரவில் போனில் பதிகிறான். ஒரு பாட்டின் நடுவில் யானைவெடிச் சத்தமும் விழுந்திருக்கிறது. அதை வெட்டாதே என்று சொல்லியிருக்கிறேன்.

அடுத்த நிகழ்ச்சி ஒழுங்கு செய்கிறவர்கள் இதைப் பார்த்தால், மாங்குளத்திலும் ஒரு மேடை போடுங்கோ. சின்ன ஸ்பீக்கர் இரண்டு போதும். கதிரை நாங்கள் தருகிறோம்.