பொய் மதிப்பெண் சொல்லும் ஆய்வு: ஒப்புதல் படிவத்தில் என்ன எழுதலாம், உண்மையை எப்போது சொல்வது?

வினாக்குறி:
முதுகலை ஆய்வேட்டுக்காக ஒரு சோதனை திட்டமிடுகிறேன். வருபவர்கள் 20 கேள்விகள் உள்ள சொல்திறன் தேர்வை எழுதுவார்கள். உண்மையில் எவ்வளவு எடுத்திருந்தாலும், பாதிப் பேருக்குத் திரையில் "நீங்கள் கடைசி 10 சதவீதத்தில் இருக்கிறீர்கள்" என்று வரும், மீதிப் பேருக்கு "முதல் 10 சதவீதத்தில்" என்று வரும். யாருக்கு எது என்பதைக் குலுக்கல் முடிவு செய்யும். அடுத்து விடையே இல்லாத 4 எழுத்துப் புதிர்கள். கைவிடாமல் எத்தனை நிமிடம் முயல்கிறார்கள் என்பதுதான் அளவீடு. மொத்தம் 60 பேர், ஆய்வுக்கூடத்தில் நேரில்.

பொய்த் தகவல் இருப்பதால் நெறிமுறைக் குழுவின் முழு ஆய்வுக்குப் போகும் என்று வழிகாட்டி சொல்லிவிட்டார். ஒப்புதல் படிவத்தில் எவ்வளவு சொல்ல வேண்டும்? முடிந்த பிறகு "அது பொய்" என்று மின்னஞ்சல் அனுப்பினால் போதுமா? சந்தேகப்பட்டவர்களின் தரவை நீக்கலாமா?

தென்றல்77:
மின்னஞ்சல் போதாது. இதைத்தான் முதலில் சொல்ல வேண்டும், ஏனென்றால் உங்கள் திட்டத்தின் ஆபத்து முழுவதும் இந்த இடத்தில்தான் இருக்கிறது.

1975இல் ராஸ், லெப்பர், ஹப்பர்ட் மூவரும் வெளியிட்ட ஆய்வு கிட்டத்தட்ட உங்களுடையதைப் போன்றதே. உண்மையான தற்கொலைக் கடிதங்களையும் போலிக் கடிதங்களையும் பிரித்தறியும் வேலை. நன்றாகச் செய்தீர்கள் அல்லது மோசமாகச் செய்தீர்கள் என்று பொய்யாகச் சொன்னார்கள். பிறகு அந்த மதிப்பெண் போலி என்று தெளிவாகச் சொன்ன பின்னும், "மோசம்" என்று கேட்டவர்கள் தங்கள் திறமையைக் குறைத்தே மதிப்பிட்டார்கள். பொய்யைக் கேட்ட அந்தச் சில நிமிடங்களில், அதற்குப் பொருத்தமான காரணங்களை மனம் தேடி எடுத்து வைத்துக்கொள்கிறது. பொய்யைப் பிடுங்கினாலும் அந்தக் காரணங்கள் நிற்கின்றன. இப்படி நம்பிக்கை ஒட்டிக்கொள்ளும் என்பதையும் சேர்த்து விளக்கியபோதுதான் அந்தத் தாக்கம் பெருமளவு மறைந்தது.

ஆகவே டீப்ரீஃபிங்குக்கு, அதாவது சோதனை முடிந்ததும் உண்மையை விளக்கிச் சொல்லும் உரையாடலுக்கு, ஆளுக்கு 10 முதல் 15 நிமிடம் ஒதுக்குங்கள். அவர் அறையை விட்டு வெளியேறும் முன், நேருக்கு நேர். எடுத்ததும் உண்மையை உடைக்காதீர்கள். முதலில் "இந்த ஆய்வு எதைப் பற்றியது என்று நினைக்கிறீர்கள்?", பிறகு "ஏதாவது விசித்திரமாகத் தோன்றியதா?", கடைசியாக "மதிப்பெண்ணைப் பார்த்தபோது என்ன நினைத்தீர்கள்?" என்று கேட்டு, பதில்களை அப்போதே எழுதிவிடுங்கள். உண்மையைச் சொன்ன பிறகு கேட்டால் "எனக்கு அப்போதே தெரியும்" என்பவர்கள் பெருகிவிடுவார்கள், அந்தத் தரவால் பயனில்லை.

பிறகு உண்மையைச் சொல்லும்போது வெறும் வாய்வார்த்தையாக விடாதீர்கள். அவர் உட்காரும் முன்பே குலுக்கலில் முடிவான தாளைக் காட்டுங்கள். மற்ற பிரிவினருக்கு வரும் திரையையும் காட்டுங்கள். தேர்வைத் திருத்தவே இல்லை என்பது கண்ணுக்குத் தெரிய வேண்டும். புதிர்களுக்கு விடை கிடையாது என்பதையும் சொல்லுங்கள். இது அடிக்கடி விட்டுப்போகிறது, ஆள் தன்னால் முடியவில்லை என்ற எண்ணத்தோடு கிளம்பிவிடுகிறார். "முதல் 10 சதவீதம்" என்று கேட்டவர்களுக்கும் இதே நேரம், இதே அக்கறை வேண்டும். கையில் கொடுத்த மகிழ்ச்சியைத் திரும்ப எடுக்கிறீர்கள், அவர்களுக்கும் வலிக்கும்.

ஒப்புதல் படிவத்தில் கருதுகோளை எழுத வேண்டியதில்லை. எவ்வளவு நேரம் ஆகும், என்னென்ன வேலைகள், சில பகுதிகள் சோர்வோ ஏமாற்றமோ தரலாம் என்பது, எப்போது வேண்டுமானாலும் நிறுத்தலாம், நிறுத்தினாலும் பேசிய தொகை குறையாது: இவை முழு உண்மையாக இருக்க வேண்டும். "ஆய்வின் சில விவரங்கள் இப்போது சொல்லப்படாமலோ சரியற்றதாகவோ இருக்கலாம், முடிவில் முழுமையாக விளக்கப்படும்" என்ற வரியையும் சேருங்கள். அமெரிக்க உளவியல் சங்கத்தின் நெறி 8.07, உடல் வலியோ கடுமையான மன உளைச்சலோ எதிர்பார்க்கப்படும் ஆய்வில் அதை மறைத்து ஏமாற்றுவதை ஏற்பதில்லை. ஏமாற்றில்லாத மாற்றுவழி நடைமுறைக்கு ஒத்துவராது என்றும் நீங்கள் காட்ட வேண்டும்.

அந்த மாற்றுவழியை உண்மையிலேயே யோசித்தீர்களா? ஒரு பிரிவுக்குக் கடினமான 20 கேள்விகள், இன்னொன்றுக்கு எளிதான 20. நேரம் ஒன்றே. மதிப்பெண் உண்மையானது. கேள்விகளின் கடினத்தை மறைக்கிறீர்கள், பொய் சொல்லவில்லை. ஒரே சிக்கல், கடினமான தேர்வு தனியே களைப்பையும் உண்டாக்கும், பிரிவுகளிடையே அதுவும் ஒரு வேறுபாடாகிவிடும். அதை முன்னோட்டத்தில் (சிலரை வைத்து முதலில் நடத்தும் சிறு சோதனையில்) தனியாக அளந்து பார்க்க வேண்டும்.

சராசரி_விலக்கம்:
எண்ணிக்கையைப் பற்றி யாரும் பேசவில்லை. பிரிவுக்கு 30 பேர் என்றால், விளைவு அளவு (இரு பிரிவுகளின் சராசரி வேறுபாட்டைத் திட்டவிலக்கத்தால் வகுத்த எண்) 0.5 உண்மையாகவே இருந்தாலும் அதைக் கண்டுபிடிக்கும் வாய்ப்பு பாதிக்கும் சற்றுக் குறைவு (இருமுனைச் சோதனை, அதாவது வேறுபாடு எந்தப் பக்கம் இருந்தாலும் பார்ப்பது; 0.05 மட்டம், அதாவது விளைவே இல்லாதபோதும் "உண்டு" என்று தவறாகச் சொல்லும் வாய்ப்பு 5 சதவீதம்). 80 சதவீத வாய்ப்பு வேண்டுமானால் பிரிவுக்கு 64, ஆக 128 பேர். விளைவு 0.4 என்றால் பிரிவுக்கு 100. பதில் கிடைக்க வாய்ப்பில்லாத ஆய்வுக்காக 60 பேரிடம் பொய் சொல்வது நெறிமுறைக் கேள்விதான், குழுவும் கேட்கும். 10 பேரை வைத்து நடத்திய முன்னோட்டத்திலிருந்து விளைவு அளவைக் கணக்கிட வேண்டாம், அந்த எண் தாறுமாறாக ஆடும். முன்னோட்டம் பொய் நம்பப்படுகிறதா என்று பார்க்க மட்டும்.

சந்தேகப்பட்டவர்களை நீக்கும் விதியைத் தரவு சேர்க்கும் முன்பே எழுதிப் பதிவு செய்யுங்கள். யார் எந்தப் பிரிவு என்று தெரியாத இருவர் அந்தப் பதில்களைத் தனித்தனியே வகைப்படுத்தட்டும். இதில் ஒரு பொறி உண்டு: தோல்வி என்று கேட்டவர்கள்தான் அதிகம் சந்தேகப்படுவார்கள். அவர்களை மட்டும் நீக்கினால் குலுக்கலால் வந்த சமநிலை போய்விடும். ஆகவே எல்லோரையும் சேர்த்த முடிவை முதன்மையாக வையுங்கள், நீக்கிய முடிவு பக்கத்தில் இருக்கட்டும். "மதிப்பெண்ணை நம்பினீர்களா?" என்பதைப் புதிர்களுக்குப் பிறகே கேளுங்கள். முன்னால் கேட்டால் அந்தக் கேள்வியே விழிக்க வைக்கும்.

வினாக்குறி:
கடின/எளிய தேர்வு வழியைத் தீவிரமாகப் பார்க்கிறேன். இன்னொரு சந்தேகம்: பெயரே வாங்காமல் தரவு சேர்க்கிறேன். அப்படியென்றால் பிறகு ஒருவர் தன் தரவை நீக்கச் சொன்னால்?

படிவம்_ஆறு:
பெயரோ எண்ணோ எதுவும் இல்லாவிட்டால் முடியாது. அதனால் அந்த இடத்திலேயே கேட்க வேண்டும். டீப்ரீஃபிங் முடிந்ததும் இரண்டாவது ஒப்புதல்: "முழு விவரம் தெரிந்த பிறகும் என் தரவைப் பயன்படுத்த சம்மதம் / சம்மதமில்லை." ஆய்வாளர் பார்த்துக்கொண்டிருக்கும்போது டிக் செய்யச் சொன்னால் மறுக்கக் கூச்சப்படுவார்கள். அவரே உறையில் போட்டு மூடட்டும். தரவோடு இணைக்க, தாளில் ஏற்கெனவே அச்சிட்ட ஆறு இலக்க எண் போதும். அதே எண்ணை அவர் வீட்டுக்குக் கொண்டுபோகும் விளக்கத் தாளிலும் அச்சிட்டால், இரண்டு வாரத்துக்குள் எண்ணை மட்டும் சொல்லி விலகலாம். பங்கேற்பவரே குறியீடு உருவாக்கச் சொல்வது வேண்டாம், மறந்துவிடுவார்கள்.

நீங்கள் பாடம் எடுக்கும் வகுப்பிலிருந்து ஆள் சேர்க்காதீர்கள். பின்னாளில் ஆன்லைனுக்கு மாற்றினால், ஒவ்வொரு பக்கத்திலும் "வெளியேறு" பொத்தான் வைத்து அது விளக்கப் பக்கத்துக்கே கொண்டுபோகும்படி செய்யுங்கள். அப்படியும் உலாவியை நேரடியாக மூடிவிடுபவருக்கு உண்மை போய்ச் சேராது, தோல்விப் பிரிவில்தான் அது அதிகம் நடக்கும். பொய் மதிப்பெண்ணை ஆன்லைனில் தராமலிருப்பதே நல்லது.